மூன்றாவது கியரில் ஒரு முனகல்

ஜூலை 3, புதன்

பிரிசில்லா டீச்சரின் மாருதி எண்ணூறு இன்று மறுபடியும் கடைக்கு வந்தது. ஓடி வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பானட்டைத் திறந்தால் பிரியாணி தம் உடைத்த மாதிரி ஆவி. வாட்டர் பம்ப் பேரிங் போய், தண்ணீர் முழுக்க வழிந்து, இஞ்சின் சூடேறி நின்றுவிட்டது.

போன வாரம்தான் டீச்சர் வந்து, "அண்ணா, முன்னாடி கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருது" என்றார். நான் வழக்கப்படி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு நின்றேன். முதுநகரில் மெக்கானிக் நூருல் அமீன் இப்படி நின்றால் எதிர் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்பு சொன்னேன்: "ஒண்ணுமில்ல டீச்சர். உங்க பிரமை."

இன்று டீச்சர் ஆவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிரமைக்கு இவ்ளோ ஆவி வருமாண்ணா?"

டூப்ளிகேட் சாமான் டீச்சர், இப்பல்லாம் சொல்லாம கொள்ளாம போயிடுது என்று பம்பின் மேல் பழியைப் போட்டேன். சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறது? டீச்சரிடம் சொல்லியிருக்கிறது. என்னிடம்தான் சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

பள்ளிவாசலில் இமாம் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார். தொழுகை முடிந்ததும் மைக் சரியில்லை என்று புகார் சொன்னேன். போன மாதம்தான் புது மைக் வாங்கினார்களாம்.

ஜூலை 15, திங்கள்

மதியம் அடுப்படியிலிருந்து மலிகா ஏதோ கேட்டாள். "ஆமா" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கற்ற பாடம், சந்தேகமாக இருந்தால் ஆமா சொல்லிவிட வேண்டும்.

தட்டில் கத்திரிக்காயும் இருந்தது, கருவாடும் இருந்தது.

"என்ன இன்னைக்கு ரெண்டு?"

"கத்திரிக்காயா கருவாடான்னு கேட்டேன். ஆமான்னீங்க."

மீன்கார அம்மா, டிவி, போன், இப்போது மலிகா. ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

சிதம்பரத்திலிருந்து தட்சிணாமூர்த்தி சார் தன் டீசல் அம்பாசடரோடு வந்தார். இருபது வருடமாக என்னைத் தவிர யாரையும் அந்த வண்டியில் கைவைக்க விட்டதில்லை. வியாழக்கிழமை அவர் மகள் அனுப்பிரியாவுக்கு இங்கே கடலூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்.

"மூணாவது கியர்ல ரிவ்வுன்னு ஒரு முனகல் வருது நூருல். லேசாத்தான்."

சிப்காட் வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். மூன்றாவது கியரில் ஏற்றினேன், இறக்கினேன். ஒன்றுமில்லை. "பட்டு மாதிரி இருக்கு சார். தைரியமா போங்க."

அவருக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். நல்ல செய்தி சொல்கிற டாக்டர் போல ஒரு பெருமை.

இந்தக் கடையில் என்னைத் தவிர இருப்பது டிங்கர் ஆரோக்கியராஜ் மட்டும். பாதி ஆயுளைத் தகரத்தில் சுத்தியல் அடித்தே கழித்தவன். அவனிடமும் கேட்டேன். "ஆரோக்கியம், சத்தம் எதுனா கேக்குதா?" "டீ வேணாண்ணே, இப்பதான் குடிச்சேன்" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

யா அல்லாஹ்.

தட்சிணாமூர்த்தி சார் போன் பண்ணினார். கத்தினார். அது நல்லா கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு.

ஆலப்பாக்கம் தாண்டிப் போயிருக்காங்க. முன்னாடி லாரி பிரேக் போட்டிருக்கு, இவர் கியரைக் குறைச்சிருக்கார். உள்ள ஏதோ உடைஞ்சு பின்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு. வண்டி குறுக்க திரும்பி ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனைமரத்துக்கு முன்னால நின்னிருக்கு. பின்சீட்டுல அந்தப் பொண்ணு. கை நிறைய கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு.

சிதம்பரத்துல ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. புள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு இருக்குதாம். ரெண்டு நாள் வச்சுப் பார்க்கணும்னு சொல்றாங்களாம்.

தைரியமா போங்கன்னு சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மலிகா என்னைக் கேட்காமலே பஸ் ஏறிச் சிதம்பரம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. போக முகமில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

"நல்லா இருக்கு. புள்ளையும் நல்லா இருக்கு. நாளைக்கு அனுப்பிடுவாங்களாம்" என்றாள். பிறகு, "அவுங்க அப்பா உங்களப் பத்தி ஒரு வார்த்த கேக்கல" என்றாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அம்பாசடரை இழுத்து வரச் செய்தேன். என் பொறுப்பு, என் செலவு. சார் மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் ஆயில் பிளக்கைக் கழற்றினேன். ஆயிலோடு மினுமினுவென்று இரும்புத்தூள் வந்தது, நகைப் பட்டறையில் ராவி எடுத்த தூள் மாதிரி. பின்னால் இருக்கிற பேரிங் நொறுங்கி, அதிலிருந்த ஒரு இரும்புக் குண்டு கியர் பல்லுக்குள் மாட்டியிருக்கிறது.

இந்த பேரிங் ஒரே நாளில் செத்ததில்லை. மாதக்கணக்காகக் கத்தியிருக்கும். வண்டிக்காரர் காதில் விழுந்திருக்கிறது. முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய எனக்கு விழவில்லை. போகட்டும், அன்றைக்கு இந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். கடைக்கு வந்து முதல் வருடம் படிக்கிற வேலை. கழற்றவில்லை. இவ்வளவு பெரிய காது இருக்கும்போது கண் எதற்கு?

ஆரோக்கியராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க ஒரு தடவ காது டெஸ்ட்டு எடுத்துப் பாருங்களேன்" என்றான். அவன் சொல்கிறான்! அவன் கத்தியதால் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மலிகா என்னைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்து, "சவுண்ட் கேட்டா அமுக்குங்க சார்" என்றது அந்தப் பெண். முதலில் தடித்த சத்தங்கள், லாரி ஹாரன் மாதிரி. அமுக்கினேன். பிறகு கொஞ்சம் மெலிந்தன, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைக்குமே என்று இடைவெளி விட்டு நானாகவே நாலைந்து முறை அமுக்கினேன்.

கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தது. "சார், நான் இன்னும் சவுண்டே குடுக்கல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, கடைசியில் கிணற்றில் விழுந்தது. தடித்த சத்தம் கேட்கும், மெல்லிய கீச்சு சத்தம் கேட்காது. இத்தனை வருடம் இஞ்சின் பக்கத்திலேயே காதை வைத்ததால் வந்தது, போனது திரும்பாது என்றார். காது மிஷின் வைத்தால் ஆள் பேசுவது புரியும். இஞ்சினுக்குள் தேடுகிற அளவுக்குக் கேட்குமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

வால்வு டேப்பட் சத்தம், பேரிங் சத்தம், பெல்ட் சத்தம். நான் பிழைப்பது முழுக்க கிணற்றில் விழுந்த அந்தப் பாதியில்தான்.

பஸ்ஸில் மலிகா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த முறை ஆமா சொல்லவில்லை. "கேக்கல, திருப்பிச் சொல்லு" என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பசிக்குதான்னு கேட்டேன்" என்றாள்.

செப்டம்பர் 4, புதன்

கடையை மூடிவிடலாமா? மூடிவிட்டு என்ன செய்வது? சிப்காட்டில் வாட்ச்மேன் வேலை கேட்கலாம். காது கேட்காத வாட்ச்மேன். திருடர்கள் ஓட்டுப் போட்டு என்னைத் தேர்ந்தெடுப்பார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

மூடவில்லை. அம்பாசடர் பாதியில் கிடக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

கம்மாபுரம் சிங்காரம் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். "உள்ள என்னமோ கத்துதுங்க." ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, கண்ணை மூடி, முகத்தை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே குருட்டு யோசனை. எந்த பேரிங் பெயரைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும்?

அந்த நேரம் பார்த்து மலிகா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த கேரியர். கடை வாசலிலேயே நின்று முகத்தைச் சுளித்தாள்.

"என்ன மச்சான் இது, வண்டிக்குள்ள யாரு கத்தி சாணை புடிக்கிறா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. வாத்தியார் மாதிரி, "எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றேன்.

"காது கேக்கலன்னு சொல்லிட்டுப் போங்களேன். அந்த அண்ணன் என்ன, உங்களக் கடிச்சா தின்னுடுவாரு?"

சிங்காரம் என்னைப் பார்த்தார். ஆரோக்கியராஜுக்குக் கூட இது மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"ஆமாங்க" என்றேன். "சன்ன சத்தம் எனக்குக் கேக்காது. டாக்டரு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. நான் ஜீப்பில் ஏறி கிளட்ச்சை மிதித்தேன். "இப்ப?" "நின்னுடுச்சு." விட்டேன். "இப்ப?" "மறுபடி சாணை புடிக்குது." கிளட்ச் மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். அது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆயில் பிளக்கைக் கழற்றினேன். தூள் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், தூளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

சிங்காரம் மலிகாவைப் பார்த்து, "வேற எதுனா கேக்குதாம்மா?" என்றார். அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தையல் மிஷினில் நூல் சிக்கிய மாதிரி மேலே ஒரு சிக்கு சிக்கு சத்தம் வருகிறதாம். வால்வு டேப்பட் இடைவெளி. சரி செய்தேன்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ருசியாக இருந்தது.

செப்டம்பர் 21, சனி

அம்பாசடர் முடிந்தது. தட்சிணாமூர்த்தி சார் எடுக்க வந்தார். சாவியைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீயே ஓட்டு. நான் ஒக்காந்து வரேன்" என்றார். இடது பக்கம் ஏறி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மலிகாவும் வரா சார்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஆலப்பாக்கம் வந்தது. அந்தப் பனைமரம் எது என்று யாரும் காட்டவில்லை, காட்டாமலே தெரிந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மலிகா பேசினாள்.

"மச்சான், நீங்க சொன்ன மூணாவது கியர்ல இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா இடது பக்கம் வளையறப்பல்லாம் வலது பக்கம் முன்னாடி கொசு கத்துது. நேரா போனா இல்ல."

வலது முன் சக்கரத்தின் பேரிங். இடதுபக்கம் திரும்பும்போது பாரம் அதன் மேல்தான் விழும். நான் ஓரம் கட்டி வண்டியை நிறுத்தினேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சார், எனக்குக் காது கேக்கறதில்ல. சன்ன சத்தம் எதுவும் கேக்காது. நீங்க சொன்ன முனகல் அன்னைக்கு எனக்குக் கேக்கல. கேக்கலன்னா இல்லன்னு நெனச்சிட்டேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற எடத்துல காட்டியிருப்பேனே நூருல்."

"அன்னைக்கு எனக்கே தெரியாது சார்."

"தெரியாதா? தெரிஞ்சுக்க மனசில்லையா?"

வண்டியைக் கிளப்பினேன்.

சிதம்பரத்தில் அவர் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். கீழவீதிக் கடையிலிருந்து பேரிங் வாங்கி வந்து போட்டேன். உள்ளேயிருந்து காபி வந்தது, இரண்டு பேருக்கும். சார் வெளியே வரவில்லை. அனுப்பிரியாதான் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். பிறகு மலிகாவிடம் கேட்டாள்: "அக்கா, இப்ப சத்தம் இல்லல்ல?"

"ஒரு சுத்து போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்டா" என்றாள் மலிகா. போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்தப் பெண் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. சரிதான்.

அக்டோபர் 7, திங்கள்

இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் கேட்பது என் வீட்டுக்காரி, கழற்றி மாட்டுவது நான். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அவசர வேலை ஞாபகம் வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கடைக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள், 'செவிடன் கடை'. வழி கேட்டு வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கிறதாம்.

மலிகா காலையில் தையல் வேலையை முடித்துவிட்டு பத்து மணிக்கு மேல் வருகிறாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டுக்கொண்டாள். தம்பி அசாருதீன் வந்து குரலைத் தாழ்த்தி (அவன் தாழ்த்தியதாக நினைத்து), "அண்ணே, அவுங்க போய் கிரீஸு கடையில ஒக்காந்திருக்கிறது நல்லாவா இருக்கு?" என்றான்.

நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "அப்ப நீ வந்து ஒக்காரு தம்பி, நான் வீட்டுக்குப் போயிடறேன். காத சுத்தமா கழுவிட்டு வா."

போய்விட்டான்.

அக்டோபர் 18, வெள்ளி

காது மிஷின் வந்துவிட்டது. காலையில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஆரோக்கியராஜ் தகரத்தில் முதல் அடி அடித்தான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் கழற்றி வைத்துவிட வேண்டும், வீட்டில் மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் மாட்டினால் வேறு ஒரு சங்கடம். மலிகா அடுப்படியில் தனக்குத்தானே என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறாள். இத்தனை நாளாகவா?

நவம்பர் 6, புதன்

அனுப்பிரியாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மலிகாவுக்குத்தான் போன் வந்தது. தட்சிணாமூர்த்தி சார் வண்டியைச் சிதம்பரத்திலேயே வேறு ஒருவரிடம் விடுகிறார் என்று கேள்வி. போனில் மலிகா அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

மதியம் இனிப்பு வாங்கி வந்தேன். ஆரோக்கியராஜ் யாருக்குக் கல்யாணம் என்றான்.

டிசம்பர் 9, திங்கள்

புயல் மழையில் ஊர் முழுக்க வண்டிகள் மூழ்கி எழுந்திருக்கின்றன. கடை வாசலில் வரிசை. கியர் பாக்ஸைத் திறந்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வருகிறது. உள்ளே தண்ணீர் போனது தெரியாமல் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தவர்களின் இஞ்சின்தான் பாவம்.

பிரிசில்லா டீச்சர் அந்த எண்ணூறைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் பண்ணவே இல்லையாம். "நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேண்ணா" என்றார். நன்றாகச் சிரித்தோம். மலிகாவுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று விளக்கவேண்டியிருந்தது. விளக்கினேன். எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. "இஞ்சின் போச்சுன்னா டீச்சரு பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாங்கன்னு நெனச்சீங்களா அப்ப?" என்றாள்.

நினைக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மலிகா பரங்கிப்பேட்டையில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். புதன்கிழமைதான் வருவாள். நான் மட்டும் கடையில்.

சிங்காரம் போன் செய்தார். ஜீப்பில் மறுபடி ஏதோ சத்தம், இப்போது கிளம்பி வரட்டுமா என்றார். தாராளமாக வாங்க என்றேன்.

"உங்க வீட்டம்மா இருக்காங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. நான் இருக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். "பரவால்லீங்க, நான் புதங்கெழம வரேன்."

எனக்குச் சுருக்கென்றது. மறுக்க வாயெடுத்தேன். பிறகு நானே மலிகாவுக்குப் போன் போட்டு மூன்று பேரையும் ஒரே இணைப்பில் சேர்த்துவிட்டேன். அந்தப் பக்கம் கல்யாண வீட்டு இரைச்சல். ஒரு ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டாள் போலிருக்கிறது.

"அண்ணே, போன பானட்டுகிட்ட வைங்க. வீட்டுல யாரையாவது கிளட்ச மிதிக்கச் சொல்லுங்க. ம்ம். இப்ப எடுக்கச் சொல்லுங்க. இன்னொருக்கா மிதிக்கச் சொல்லுங்க."

எனக்கு ஒரே இரைச்சல்தான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

"மச்சான், இருக்கீங்களா? மிதிச்சாத்தான் கத்துது, எடுத்தா நின்னுடுது. போன தடவைக்கு நேர் மாறு. அப்ப இது கியர் பாக்ஸுல இல்ல, கிளட்ச்சு ரிலீஸ் பேரிங்குதானே?"

"அதேதான்" என்றேன்.

"ஒண்ணு வாங்கி வைங்க. புதங்கெழம வந்து பாத்துக்கறேன்."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை, திறந்திருக்கிற கடையைத் தேடிப்பிடித்து வாங்கி வந்துவிட்டேன். அவள் நாற்காலியின் மேல் வைத்திருக்கிறேன்.